நூற்றிருபது வரிகள்

அக்காவுக்கும் எனக்கும் மூன்று வயது வித்தியாசம். ஆனாலும் இரண்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நாங்கள் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம்.

பிறக்கும்போது அவள் அழவில்லையாம். மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டி, வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் வந்ததாம். அதில் அவளுடைய வலது கையும் வலது காலும் விறைத்துப்போயின. இடது கை அசையும். ஆனால் அவள் நினைக்கிற இடத்தில் அது நிற்காது. டம்ளரை எடுக்கப் போகும் கை டம்ளரைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரும். பேச்சும் குழறும். வீட்டுக்கு வருகிறவர்கள் அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவளிடம் கேட்க மாட்டார்கள், அம்மாவிடம்தான் கேட்பார்கள். அவள் பேசுவது ஒரு சொல் விடாமல் புரிந்தது எனக்கு மட்டும்தான். அவள் சொல்வாள், நான் திருப்பிச் சொல்வேன். இனி இதில் அவள் பேசுவதாக நான் எழுதுவதில் பெரும்பகுதி அன்றைக்கு என் வாய் வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்பா போடியில் ஜீப் ஓட்டினார். குரங்கணிப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களைக் கொண்டுபோய் விடுவது அவர் சோலி. அம்மா ஏலக்காய் பொறுக்கப் போவாள். பச்சை நிறம் குறையாத காய்களைத் தனியாகவும், வெளுத்ததையும் வெடித்ததையும் தனியாகவும் பிரிக்கிற வேலை. அக்காவைப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்காரவைத்துக்கொண்டுதான் பொறுக்குவாள். அக்காவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு சாயங்காலம் அப்பா அலுத்துப்போய் வந்தார். முப்பத்து மூன்று ஆட்கள். ஜீப்பில் நெருக்கி ஏற்றினாலும் பதினோரு பேர்தான். மூன்று நடை. முதல் நடை போய்த் திரும்பும்வரை மற்றவர்கள் மலையடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி ஆட்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிடுகிறது. மேஸ்திரி சத்தம் போடுகிறார். அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். சுவரில் சாய்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“காத்திருக்கிறவங்க ஏன் உக்காந்திருக்காங்கன்னு கேக்குறா. நடக்கச் சொல்லணுமாம்.”

“மலைப்பாதை ஆத்தா அது. அம்புட்டுத் தூரமும் நடந்தா பிந்திப் போகாதா?”

அக்கா தலையை ஆட்டினாள். முழுத் தூரமும் நடக்க வேண்டாம். முதல் பதினோரு பேரைத் தோட்டம்வரை கொண்டுபோகாமல் பாதி தாண்டி ஓரிடத்தில் இறக்கிவிட வேண்டும். மீதியை அவர்கள் நடந்துகொள்வார்கள். ஜீப் திரும்பி வரும்போது அடுத்தவர்கள் அதற்குள் கொஞ்ச தூரம் ஏறி வந்திருப்பார்கள். எல்லாரும் கொஞ்சம் நடப்பார்கள், எல்லாரும் கொஞ்சம் ஜீப்பில் போவார்கள். சரியான இடத்தில் இறக்கினால் மூன்று கூட்டமும் ஒரே சமயத்தில் தோட்டத்துக்குப் போய்விடலாம். எந்த இடம் என்று சொல்ல வேண்டுமென்றால் ஜீப் எவ்வளவு வேகம், ஆட்கள் எவ்வளவு வேகம் என்று அப்பா அவளுக்குச் சொல்ல வேண்டும்.

அப்பா சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார். இரண்டு நாள் கழித்து, எதற்கும் பார்க்கலாம் என்று குத்துமதிப்பாக ஓரிடத்தில் இறக்கி அப்படியே செய்திருக்கிறார். அன்று கடைசி ஆட்கள் வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னால் தோட்டத்தில் இருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர் அக்காவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எவ்வளவு நேரம் மிச்சமானது என்று அவளிடமே சொன்னார். பிறகு அம்மாவிடம், “இவள பள்ளிக்கூடத்துல சேக்கணும்” என்றார். அந்த ஜூன் மாதமே என்னோடு இரண்டாம் வகுப்பில் சேர்த்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவளுடைய விடைத்தாள்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எழுதிய கணக்கு அத்தனையும் சரி. ஆனால் மூன்றில் ஒரு பங்குதான் எழுதியிருப்பாள். மற்றவர்கள் ஒரு பக்கத்தை நிரப்பும் நேரத்தில் அவள் நான்கு வரி எழுதுவாள். எழுத்துகள் பெரிதும் சிறிதுமாகக் கோட்டுக்கு மேலும் கீழும் போகும். வாத்தியார்கள் அவளிடம் வாய்மொழியாகக் கேட்பார்கள், நான் பதிலைத் திருப்பிச் சொல்வேன், மேல் வகுப்புக்குப் போட்டுவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பு வரை அப்படியே ஓடிவிட்டது. அவளுக்குப் புரிந்த அல்ஜிப்ரா எனக்குப் புரியவில்லை என்பதால், நான் வாய் திறந்து சொன்ன விடைகளில் பாதி எனக்கே என்னவென்று தெரியாது.

பத்தாம் வகுப்பில்தான் சிக்கல் வந்தது. பொதுத்தேர்வில் யாரும் வாய்மொழியாகக் கேட்க மாட்டார்கள்.

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு உண்டு. முதல் பக்கத்தில் ஐந்து பாடங்களையும் எழுதி, எதிரே அரசுத் தேர்வில் எடுக்கப்போகும் மதிப்பெண்ணை எழுத வேண்டும். இலக்கு நோட்டு என்று பெயர். எல்லாரும் எண்பது, தொண்ணூறு என்று ஆசைப்பட்டதை எழுதிக் கொடுத்தோம். எனக்குக் கணக்கில் இருபதைத் தாண்டிப் பழக்கமில்லை. அப்படியும் எண்பத்தைந்து என்று போட்டேன்.

அக்காவின் நோட்டில் மட்டும் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது.

தலைமையாசிரியை அம்மாவை வரச்சொன்னார். நாங்களும் போனோம். அவர் கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. “எல்லாத்துலயும் முப்பத்தஞ்சு. அது போதும். பாஸாகிட்டா சாமிக்கு நன்றி சொல்லுவோம். அதுவும் கஷ்டம்னா இந்த வருஷம் எழுத வேண்டாம், வீட்டுல இருந்து நல்லா தயார் பண்ணி அடுத்த வருஷம் தனியா எழுதட்டும்” என்றார். அம்மா உடனே தலையசைத்தாள். பாஸ் என்ற சொல்லே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

கணக்கு டீச்சரும் அங்கே இருந்தார். அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு வந்தவர், கல்யாணமாகாதவர், பட்டென்று பேசுவார். “முப்பத்தஞ்சா? கணக்குல இவளுக்கு நூறு போடலேன்னா வேற யாருக்கு மேடம் போடறது?” என்று கேட்டார். அக்காவின் நோட்டை எடுத்து அவரே கணக்குக்கு நேராக நூறு என்று எழுதினார்.

அக்கா என் கையைத் தட்டினாள். அவள் சொன்னதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “முப்பத்தஞ்சும் வேண்டாமாம், நூறும் வேண்டாமாம். ஒரு வாரம் டயம் வேணுமாம். பாத்துச் சொல்றாளாம்.”

“எதைப் பாத்து?” என்றார் தலைமையாசிரியை.

“அவ கையை.”

அந்த வாரம் முழுவதும் அப்பாவின் கைக்கடிகாரம் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கியது. அக்கா எழுதுவாள், நான் நேரம் சொல்வேன். தமிழ் எழுதினாள், இங்கிலீஷ் எழுதினாள், கணக்கு எழுதினாள். காலையில் எழுதினாள், சாப்பிட்டபின் எழுதினாள். எட்டு நிமிடம் எழுதினால் விரல்கள் இறுகிவிடும். இரண்டு நிமிடம் தொடையில் வைத்துத் தேய்த்தால் மறுபடி விரியும். ஆக, இரண்டரை மணி நேரத் தேர்வில் அவள் எழுதக் கிடைப்பது இரண்டு மணி நேரம். ஒரு வரிக்கு ஒரு நிமிடம். மொத்தம் நூற்றிருபது வரி.

“அவ்வளவுதான் என் கையில இருக்கு” என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. கேள்வியில் கொடுக்கப்பட்டிருக்கும் ஓர் எண்ணைப் படிப்பதுபோலச் சொன்னாள்.

பிறகு பழைய வினாத்தாள்களை விரிக்கச் சொன்னாள். ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை மார்க், எத்தனை வரி என்று என்னை எழுதவைத்தாள். தமிழில் கட்டுரைக்கு நாற்பது வரி, பத்து மார்க். ஒரு மார்க்குக்கு நான்கு வரி. நூற்றிருபது வரியையும் அதில் செலவழித்தால் முப்பதுதான் வரும், பெயில். ஆகவே கட்டுரையை அவள் படிக்கப்போவதே இல்லை. கோடிட்ட இடம், பொருத்துக, இலக்கணக் குறிப்பு இவையெல்லாம் ஒரு வரிக்கு ஒரு மார்க். அதில் முப்பது. மிச்சமிருக்கும் தொண்ணூறு வரியில் ஐந்து வரிக்கு இரண்டு மார்க் தரும் சின்னக் கேள்விகள் பதினெட்டு, அதில் முப்பத்தாறு. மொத்தம் அறுபத்தாறு.

“அறுபத்தாறு போடவா?” என்றேன் ஆசையாக.

“எனக்கு தமிழ்ல மூணுக்கு ஒண்ணு தப்பாகும்டி. நாப்பத்திநாலு போடு.”

இப்படியே இங்கிலீஷுக்கு நாற்பது, வரலாறு புவியியலுக்கு நாற்பத்தொன்று, அறிவியலுக்கு ஐம்பத்தைந்து என்று வந்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் அவளிடம் காரணம் இருந்தது. நாங்கள் நாற்பது பேர் எழுதிக் கொடுத்த இலக்குகளில் ஒன்றுக்குக்கூட அப்படி ஒரு காரணம் இருந்திருக்காது.

கணக்குக்கு எண்பது என்றாள்.

கணக்கு டீச்சர் அதைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் எங்கள் பெஞ்சுக்கு வந்து நின்றார். “ஏம்மா எண்பது? உனக்கு வராத கணக்கு ஒண்ணு சொல்லு பாப்போம்.”

“எல்லாம் வரும் டீச்சர். வரைபடத்துக்கும் வடிவியல் வரையறதுக்கும் சேத்து இருபது மார்க். காம்பஸ் என் கையில நிக்காது. அதை விட்டா எண்பது. அந்த எண்பதுக்கே இப்ப வரி பத்தல.”

“பத்தலயா?”

“நீங்க போர்டுல போடுற மாதிரி எழுதுனா பத்து மார்க்குக்குப் பதினெட்டு வரி வருது. எண்பதுக்கு நூத்தி நாப்பத்திநாலு. எங்கிட்ட நூத்தி இருபதுதான் இருக்கு.”

டீச்சர் பெஞ்சில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியதுபோல எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் அழவில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்து, தான் எழுதிய நூறை அடித்துவிட்டு எண்பது என்று எழுதினார். “சரி, எந்த வரி இல்லேன்னாலும் மார்க் கொறையாதுன்னு பாப்போம், வா” என்றார்.

அதன்பிறகு ஆறு மாதம் தினமும் சாயங்காலம் அதுதான் வேலை. டீச்சருக்கு விடைத்தாள் திருத்தப் போன அனுபவம் இருந்தது. எந்தப் படிக்கு மார்க், எந்தப் படி வெறும் வழக்கம் என்று அவருக்குத் தெரியும். அக்கா வேறு பாதைகளைத் தேடினாள். புத்தகத்தில் பதினேழு வரி போகும் ஒரு நிரூபணத்தை வேறொரு பக்கத்திலிருந்து பிடித்து ஒன்பது வரியில் முடித்தாள். டீச்சர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, “இது சரிதானான்னு நான் வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டுத்தான் சொல்லணும்” என்றார். மறுநாள் வந்து, சரி என்றார். தை மாதம் வாக்கில் பத்து மார்க்குக்குப் பதினான்கு வரி என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எண்பதுக்கு நூற்றுப் பன்னிரண்டு. எட்டு வரி மிச்சம்.

நடுவில், சொல்வதைக் கேட்டு எழுத ஓர் ஆளை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம் என்று தலைமையாசிரியை யோசனை சொன்னார். கீழ் வகுப்பு மாணவியாக இருக்க வேண்டும், உறவாக இருக்கக்கூடாது. ஒத்திகைக்கு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை உட்காரவைத்தார்கள். அக்கா சொன்னதை அவள் பயந்து பயந்து கேட்டு ஒரு பக்கம் எழுதினாள். எடுத்துப் பார்த்தால் ஒரு வரிகூட அக்கா சொன்னதில்லை. அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அக்காவோ சிரித்துச் சிரித்து பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டாள். “என் கையே பரவாயில்ல” என்றாள்.

என்னுடைய எண்பத்தைந்தையும் அவள் விட்டுவைக்கவில்லை. என் பழைய கணக்குத் தாள்களை எல்லாம் கேட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ தெரியாம தப்பு பண்றது அஞ்சுல மூணு பங்குதான். மீதி எல்லாம் மைனஸை விட்டுட்டுப் போறது, கேள்வியில இருக்கிற நம்பரை மாத்தி எழுதுறது. அதை மட்டும் நிறுத்துனா அம்பத்திரெண்டு வரும். எண்பத்தஞ்ச அடிச்சிட்டு அம்பத்திரெண்டு போடு.”

எனக்கு ரோஷமாக இருந்தது. ஆனால் அதுவரை எனக்குக் கணக்கு வராது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எதனால் வரவில்லை என்று பார்த்துச் சொன்னது அவள் ஒருத்திதான். அடித்துவிட்டு ஐம்பத்திரண்டு என்று போட்டேன்.

மார்கழிக் குளிரில் அவள் கை கல்லாகிவிடும். அம்மா விடியலில் வெந்நீர் வைத்து அந்தக் கையை முழங்கைவரை முக்கிப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஏலக்காய் பொறுக்கிப் பொறுக்கி அம்மாவின் விரல் நுனிகள் வழுவழுவென்று இருக்கும். அந்த விரல்களால் அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரிப்பாள். “நாப்பத்திநாலு வந்துருமா ஆத்தா?” என்று தமிழைப் பற்றி மட்டும் கேட்பாள். கணக்கைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

தேர்வு வந்தபோது நல்ல வெயில். அது அக்காவுக்கு அனுகூலம். எனக்கும் அவளுக்கும் வேறு வேறு அறை. அத்தனை வருடத்தில் முதல்முறையாக அவள் பக்கத்தில் நான் இல்லை. முதல் நாள் என் தாளை எழுதுவதைவிட, அவள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் யாருக்குப் புரியும் என்ற நினைப்புதான் எனக்கு அதிகமாக இருந்தது. வெளியே வந்தவளிடம் அதைக் கேட்டேன். “எழுதிக் காட்டுனேன். ‘தண்ணீர்’. ஒரு வரி போச்சு” என்றாள்.

தமிழும் இங்கிலீஷும் அவள் போட்ட வழியிலேயே போயின. அறிவியலில்தான் விழுந்தாள். பாதித் தேர்வில் தோளிலிருந்து விரல்வரை கை முறுக்கிக்கொண்டு, இருபது நிமிடத்துக்கு மேல் பேனாவைத் தொட முடியவில்லை. வெளியே வந்தபோது சட்டையெல்லாம் நனைந்திருந்தது. அப்பா ஜீப்போடு வாசலில் நின்றார். அவளைத் தூக்கி ஏற்றும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அழுகிறாள் என்று அப்பா நினைத்தார். அவள் எழுதியவற்றைக் கூட்டிக்கொண்டிருந்தாள். “முப்பத்தெட்டு வரும்” என்று என்னிடம் சொன்னாள். “அம்பத்தஞ்சு போட்டதால தப்பிச்சேன். முப்பத்தஞ்சுன்னு போட்டிருந்தா இன்னிக்குக் காலி.”

மறுநாள் கணக்கு. கை இன்னும் வீங்கியிருந்தது. நாளைக்குக் கை ஒத்துழைக்காவிட்டால் கணக்கில் அறுபது போதும் என்று அம்மா கெஞ்சினாள். அக்கா வீங்கிய கையை வெந்நீரில் முக்கச் சொன்னாள்.

நான் என் தாளை முடித்து, மைனஸ்களை எல்லாம் ஒன்றுக்கு மூன்று தரம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, கணக்கு டீச்சர் மரத்தடியில் நின்றிருந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வந்திருந்தார். மணி அடித்துக் கடைசி ஆளாகத்தான் அக்கா வந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

“நூத்துப் பன்னெண்டு வரி” என்றாள். “எட்டு மிச்சமிருந்துச்சு. அதுலயும் எழுதிட்டேன்.”

“என்னத்தை?” என்றார் டீச்சர்.

“முக்கோணம் வரையச் சொன்ன கேள்வி. கருவி பிடித்து வரைய இயலவில்லை, வரையும் முறை கீழே அப்படின்னு போட்டு, எங்க காம்பஸ வைக்கணும், எவ்வளவு விரிக்கணும், எது எதை வெட்டும்னு எழுதிட்டேன்.”

“படமில்லாம மார்க் போட மாட்டாங்களேம்மா.”

“தெரியும் டீச்சர். வரி இருந்துச்சு, அதனால எழுதுனேன்.”

ரிசல்ட் பேப்பரில் வந்த அன்று எங்கள் இருவரின் தேர்வு எண்களும் இருந்தன. அப்பா அந்தப் பேப்பரை மலைக்குக் கொண்டுபோய்த் தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த எண்ணின் மேல் விரல் வைத்துப் பார்த்தார்களாம்.

மார்க் பட்டியல் பிறகு வந்தது. தமிழ் நாற்பத்தேழு. இங்கிலீஷ் முப்பத்தொன்பது. வரலாறு புவியியல் நாற்பத்தொன்று. அறிவியல் முப்பத்தெட்டு, அவள் ஜீப்பில் கூட்டிச் சொன்ன அதே முப்பத்தெட்டு. கணக்கு எண்பத்து மூன்று.

டீச்சர் அந்த எண்பத்து மூன்றை இரண்டு தரம் படித்தார். எண்பது அவள் எழுதியது. மீதி மூன்று எங்கிருந்து வந்தது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். எந்த ஊரிலோ, கட்டுக்கட்டாகத் தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஒருவர், மேலும் கீழுமாய்ப் போகும் அந்த எட்டு வரியைப் பொறுமையாகப் படித்திருக்கிறார். அவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அக்கா சொன்னது ஒன்றுதான்: “படிச்சிருக்காங்கடி.” அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன்.

நான் கணக்கில் ஐம்பத்தொன்று. “ஒண்ணு எங்க விட்ட?” என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குப் பிளஸ் ஒன்னில் கணக்குப் பிரிவு கிடைத்தது. மொத்தத்தைப் பார்த்தால் கிடைத்திருக்காது. தலைமையாசிரியைதான் பிடிவாதமாக இடம் போட்டார். பிற்பாடு அவள் தபால் வழியில் கணிதத்தில் பட்டம் வாங்கியதும், எங்கள் வீட்டு முன்னறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்ததும் தனிக் கதை. அந்தப் பிள்ளைகளுக்கு அவள் பேச்சு இரண்டு வாரத்தில் புரிய ஆரம்பித்துவிடும். நடுவில் நான் தேவைப்படவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

பிளஸ் ஒன் வகுப்பு மாடியில் நடக்கும். இருபத்திரண்டு படி. பள்ளி திறந்த அன்று, எப்படி ஏறுவது, இடைவேளைக்கு எப்படி இறங்குவது என்று நான் அவளைத் தாங்கிக்கொண்டு படிக்கட்டின் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே யாரும் இல்லை. ஒரு சத்தமும் கேட்கவில்லை. பின்னால் தலைமையாசிரியையின் குரல் கேட்டது.

“அங்க என்ன நிக்கிறீங்க? வகுப்பைக் கீழ மாத்தியாச்சு. ஆபீஸ் ரூமுக்குப் பக்கத்து அறை. வெரசா போங்க, மணி அடிச்சாச்சு.”